ஆரம்ப கால மெஷின்கன்: மக்கர் செய்தது துப்பாக்கியா, தோட்டாவா?

ஜூன் 4 – வாசகர் கேள்வி

கேட்லிங், கார்ட்னர், நார்டன்ஃபெல்ட் என்று 1860-களிலிருந்து வந்த, கையால் இயக்கும் மெஷின்கன்கள் எல்லாமே சண்டை நடுவில் சிக்கிக்கொள்ளும் மட்டமான இயந்திரங்கள், 1884-ல் ஹிராம் மாக்ஸிமின் தானாக இயங்கும் மெஷின்கன் வந்த பிறகுதான் கோளாறு தீர்ந்தது என்று படித்தேன். இயந்திர வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த வடிவமைப்பில் அப்படி என்ன தப்பு?

ஜூன் 4, இரவு

வடிவமைப்பில் பெரிய தப்பு இல்லை. கோளாறில் பெரும்பகுதி தோட்டாவில் இருந்தது. இதைச் சொல்ல நான் ஆயுத நிபுணன் இல்லை. பேக்கிங் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. ஆனால் வேகமாக ஓடும் எந்த இயந்திரத்திலும் முதலில் பார்க்க வேண்டியது அதற்குள் போகும் பொருள் ஒரே அளவில், ஒரே உறுதியில் இருக்கிறதா என்பதைத்தான். எங்கள் லைனில் மூடி அரை மில்லிமீட்டர் பெருத்து வந்தால் இயந்திரம் நின்றுவிடும். எல்லோரும் இயந்திரத்தைத்தான் திட்டுவார்கள்.

கேட்லிங் எப்படி வேலை செய்தது என்று முதலில் பார்ப்போம். ஆறு அல்லது பத்து குழல்கள் ஒரு தண்டைச் சுற்றி வட்டமாக நிற்கும். ஒவ்வொரு குழலுக்கும் பின்னால் தனக்கென்று ஒரு போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் தண்டு. கைப்பிடியைச் சுற்றினால் குழல்களும் போல்ட்களும் சேர்ந்து சுழலும். வெளிக்கூட்டின் உட்பக்கத்தில் சாய்வாக ஓடும் ஒரு பள்ளம் உண்டு, கேம் தடம் என்பார்கள். போல்ட்டின் முனை அதில் ஓடும். குழல் மேலே வரும்போது தோட்டா விழுகிறது. கீழே இறங்க இறங்க போல்ட் முன்னேறி அதை உள்ளே தள்ளுகிறது. அடிப்பக்கம் வந்ததும் ஊசி விடுபட்டுச் சுடுகிறது. மறுபக்கம் மேலேறும்போது காலிக்கூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது. இத்தனையும் ஒரே கைப்பிடி, ஒரே சுழற்சி. ஸ்பிரிங்கை நம்பி நடக்கும் காரியம் இதில் மிகக் குறைவு. இயந்திரம் பழகிய எவருக்கும் இது அழகான வேலை என்று தெரியும்.

ஜூன் 5

மேலே சொன்னதில் காலவரிசையைச் சேர்க்க வேண்டும். ரிச்சர்ட் கேட்லிங் காப்புரிமை வாங்கியது 1862 நவம்பர் 4. அப்போது உலோகத் தோட்டா பரவலாகவில்லை. அதனால் அந்த முதல் மாடலில் காகிதத் தோட்டாவை ஓர் எஃகு அறைக்குள் வைத்து, பின்னால் கேப் (அடித்தால் பொறி விடும் சிறு மூடி) பொருத்தி, அந்த அறையையே தோட்டா மாதிரி மேலிருந்து போட வேண்டும். அறையின் துளையும் குழலின் துளையும் ஒவ்வொரு முறையும் நேர்கோட்டில் அமையாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாக வாயு கசியும்.

பிறகு செம்புக் கூட்டில் அடைத்த தோட்டா வந்தது. அதே கேட்லிங் சில மாற்றங்களோடு நம்பகமான பொருளாகி, 1866-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. சுழலும் குழல்கள் அதேதான், கைப்பிடி அதேதான். முக்கியமாக மாறியது தோட்டா. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஜூன் 5, மாலை

"அபு கிளியாவில் கேட்லிங் சிக்கியதே" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சூடானில் 1885 ஜனவரி 17 அன்று நடந்த அந்தச் சண்டையில் சிக்கியது கேட்லிங் அல்ல, ஐந்து குழல் கார்ட்னர். ஓர் ஆங்கிலக் கவிதை கேட்லிங் என்று பாடிவிட்டதால் பழி இடம் மாறிவிட்டது. சுமார் 70 தோட்டா போனதும் நின்றுவிட்டது. அதை இயக்கிய கடற்படை அதிகாரி சார்லஸ் பெரெஸ்ஃபோர்ட் காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்: எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி) காலிக்கூட்டின் அடிப்பாகத்தை மட்டும் பிய்த்து எடுத்துவிட்டது, மீதி உருளை குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. விளிம்பைப் பிடித்தது, இழுத்தது. கிழிந்தது கூடு. எதிரில் வாளும் ஈட்டியுமாக ஆட்கள் ஓடி வருகிறார்கள். இவர்கள் தோட்டா ஊட்டும் தட்டைக் கழற்றி, அறுந்த கூட்டை எடுக்கப் பார்க்கிறார்கள். அதற்குள் எதிரிகள் மேலே வந்து விழுந்துவிட்டார்கள். பெரெஸ்ஃபோர்டோடு நின்ற ஆயுதக் கம்மியர் அங்கேயே கொல்லப்பட்டார்.

ஜூன் 7

கூடு ஏன் கிழிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. முழுப் பிரச்சினையும் இதில்தான் இருக்கிறது, நீளமாக எழுதுகிறேன்.

சுடும் கணத்தில் கூடு வீங்கி அறையின், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தின், சுவரோடு ஒட்டுகிறது. அப்படி ஒட்டினால்தான் வாயு பின்பக்கம் கசியாது. குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் அதே கூடு சற்றே சுருங்க வேண்டும். சுருங்கினால்தான் இழுக்க வரும். வீங்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். நல்ல பித்தளை இதைச் செய்யும். செம்பு மெத்தென்றிருக்கும், வீங்கிய இடத்திலேயே நின்றுவிடும்.

பிரிட்டிஷ் படை 1860-களின் கடைசியிலிருந்து பயன்படுத்திய பாக்ஸர் தோட்டா இன்னொரு வகைச் சங்கடம். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த உடல், அடியில் தனியாக ஓர் இரும்பு வட்டு. எக்ஸ்ட்ராக்டர் பிடிப்பது வட்டை. உடல் அறையில் ஒட்டிக்கொண்டால் வட்டு மட்டும் கையோடு வந்துவிடும். அந்தப் படையின் மார்டினி-ஹென்றி ரைஃபிள்களிலும் இதே தொல்லை. வெயிலும் மணலும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒற்றைத் துப்பாக்கி வைத்திருக்கும் சிப்பாய்க்கு அது ஒரு தோட்டாவின் நஷ்டம். அடுத்த தோட்டா பின்னாலேயே வந்து முட்டும் மெஷின்கன்னுக்கு அது முழு அடைப்பு.

ஒரே பித்தளைத் துண்டிலிருந்து இழுத்து வடித்த கூடு பரவலான பிறகுதான் இந்தத் தொல்லை அடங்கியது. அதாவது உலோகத்தை ஆழமாக இழுத்து வடிக்கும் பிரஸ், நடுநடுவே அதைக் காய்ச்சி இளக்கும் முறை, ஒரே அளவு வருகிறதா என்று பார்க்கும் கேஜ். மெஷின்கன்னின் சரித்திரத்தை எழுதுபவர்கள் இந்தப் பிரஸ் வேலைக்கு ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லை. எனக்கு அது பெரிய குறை.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

கருமருந்தை, அதாவது அந்தக் காலத் தோட்டாவில் அடைத்த வெடிமருந்தை, விட்டுவிட்டேன். அது எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகத்தான் மிஞ்சும். ஒரு பங்கு புகையாகப் போகும், ஒரு பங்கு குழலிலும் அறையிலும் கரியாகப் படியும். படியப் படிய அறை இறுகும், கூடு சிக்கும். காற்று இல்லாத நாளில் துப்பாக்கிக்காரருக்குத் தன் புகையைத் தாண்டி எதுவும் தெரியாது. 1884-ல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா மருந்தை உருவாக்கினார். அதற்கு முன் பிறந்த எல்லா மெஷின்கன்னும் இந்தக் கரியோடுதான் குடித்தனம் நடத்தின.

ஜூன் 9

"அப்போ கேட்லிங்கை எவ்வளவு வேகமாகவும் சுற்றலாமா?"

முடியாது தம்பி. ஆரம்ப மாடல்களில் தோட்டா தன் எடையால்தான் விழ வேண்டும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்து .45 தோட்டாவின் உடல் தடிமன் சுமார் 1.3 சென்டிமீட்டர். ஒரு தோட்டா உள்ளே போனதும் மேலே நிற்கும் வரிசை அந்தத் தூரம் இறங்க வேண்டும். உராய்வே இல்லாமல் விழுந்தாலும் அதற்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அப்படியானால் நிமிடத்துக்கு 1,200-க்குச் சற்றுக் குறைவாகவே உச்சவரம்பு. புவியீர்ப்பு அதற்கு மேல் கொடுக்காது. உராய்வு, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, சரிவில் நிற்கும் வண்டி எல்லாம் சேர்ந்தால் நடைமுறையில் அதில் பாதிகூடத் தேறாது.

பயந்துபோன ஆள் என்ன செய்வான்? இன்னும் வேகமாகச் சுற்றுவான். தோட்டா பாதி விழுந்திருக்கும்போதே போல்ட் வந்து இடிக்கும். மனிதனின் கை இந்த இயந்திரத்தின் ஒரு பாகம். பயத்தில் அந்தப் பாகத்தின் வேகம் மாறிவிடுகிறது. பின்னாளில் புரூஸ், அக்கிள்ஸ் என்று வந்த தோட்டா ஊட்டும் அமைப்புகள் எல்லாம் இந்த ஒரு இடத்தைச் சரிசெய்ய நடந்த முயற்சிகள்.

ஜூன் 9, இரவு

கைப்பிடி சுற்றும் மெஷின்கன்னில் இன்னொரு ஆபத்து: தாமதமாக வெடிக்கும் தோட்டா. ஊசி அடித்தும் மருந்து உடனே பற்றாமல், அரை நொடி கழித்துப் பற்றும். கைப்பிடி அதற்காகக் காத்திருக்காது. போல்ட் திறந்துகொண்டிருக்கும் நேரத்தில் வெடித்தால் கூடு பின்பக்கமாகப் பிளந்து, எரியும் வாயு துப்பாக்கிக்குள்ளேயே பரவும்.

மாக்ஸிம் இதைத்தான் அடியோடு மாற்றினார். அவருடைய துப்பாக்கியில் பூட்டை (அறையைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) திறப்பது சுட்ட தோட்டாவின் பின்னுதைப்பு. தோட்டா வெடிக்காவிட்டால் பூட்டு திறக்காது. தாமதமாக வெடித்தால் தாமதமாகத் திறக்கும். வேகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை இந்தக் காத்திருத்தல்.

ஜூன் 10

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வெடிக்கவே வெடிக்காத தோட்டா வந்தால்? கேட்லிங் அதைக் காலிக்கூட்டோடு கூடாகத் தூக்கி வெளியே போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். மாக்ஸிம் நின்றுவிடும். ஆள் கைப்பிடியை இழுத்து அதை வெளியேற்ற வேண்டும். தோட்டாவின் தரம் கெட்டிருந்த காலத்தில் கேட்லிங் போன்ற அமைப்புதான் பொருத்தம், தரம் உயர்ந்த பிறகுதான் மாக்ஸிம் போன்ற அமைப்பு ஜெயிக்க முடியும். 1884-ல் மாக்ஸிம் தன் துப்பாக்கியோடு வந்தபோது, இழுத்து வடித்த பித்தளைக் கூடும் புகையில்லா மருந்தும் அதே சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தன. அவர் பெரிய மூளைக்காரர், சந்தேகமில்லை. நேரமும் அவர் பக்கம் இருந்தது.

ஜூன் 12

மாக்ஸிமின் உட்புறத்தை விளக்கச் சொன்னவருக்கு.

குண்டு வெளியேறும்போது குழலும் பூட்டும் ஒன்றாகச் சேர்ந்தே கொஞ்ச தூரம் பின்னால் வருகின்றன. அதுவரை இரண்டையும் இறுக்கிப் பிடித்திருப்பது முழங்கால் மூட்டு மாதிரி ஒரு இணைப்பு. நேராக நீட்டியிருக்கும்வரை எவ்வளவு தள்ளினாலும் மடங்காது. பின்னால் வந்ததும் ஒரு தடையில் பட்டு மூட்டு மடங்கும். குழல் நின்றுவிடும், பூட்டு மட்டும் மேலும் பின்னே போகும். பூட்டின் முகத்தில் மேலும் கீழும் வழுக்கும் ஒரு தகடு உண்டு. அதன் பள்ளத்தில் மேலே, தோட்டாக்களை வரிசையாகச் செருகிய பெல்ட்டிலிருந்து பிடுங்கிய புதுத் தோட்டா, கீழே அறையிலிருந்து வந்த காலிக்கூடு. தகடு கீழே இறங்கும், புதுத் தோட்டா அறைக்கு நேராக வரும். இடது பக்கப் பெட்டிக்குள் இருக்கும் சுருள் ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னுக்கு இழுக்கும்.

லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில், மாக்ஸிமைத் திருத்திச் செய்த பிரிட்டிஷ் மெஷின்கன்னான விக்கர்ஸைப் பார்த்தபோது நான் நின்றது அந்த ஸ்பிரிங் பெட்டி முன்னால்தான். அதன் இறுக்கத்தை ஸ்பிரிங் தராசு வைத்து அளந்து திருகி வைப்பார்கள். இறுக்கம் கூடினால் பூட்டு முழுதாகப் பின்னால் வராது, குறைந்தால் முழுதாக மூடாது. கரி படிந்தால், எண்ணெய் கெட்டியானால் அளவு மாறும். மாக்ஸிம் வந்ததும் கோளாறு தீர்ந்தது என்று கேள்வியில் இருந்ததல்லவா? தீரவில்லை. கோளாறுகள் அளக்கக்கூடியவை ஆயின.

விக்கர்ஸ் துப்பாக்கிக்காரர்களுக்குக் கைப்பிடி நின்ற நிலையைப் பார்த்தே நோயைச் சொல்லும் பயிற்சி இருந்தது. வழக்கமான இடத்தில் படுத்திருந்தால் வெடிக்காத தோட்டா, தீர்ந்துபோன பெல்ட் அல்லது உடைந்த ஊசி. வேறு இடத்தில் நின்றால் வேறு காரணம், அதற்கென்று வேறு கை அசைவு. இருட்டில் தடவிப் பார்த்தே சரிசெய்வார்கள். ஒரு இயந்திரம் தன் நோயைத் தானே காட்டும்படி அமைவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நடுராத்திரியில் பேனலைத் திறந்து உட்கார்ந்தவருக்குத் தெரியும்.

ஜூன் 13

பெல்ட் துணி. கான்வாஸ். நனைந்தால் தோட்டா செருகிய துணிப்பை இறுகி அதை விடாது. மாக்ஸிம் ஒரு பலத்தோடுதான் பிடுங்கும், அதற்கு மேல் பிடுங்காது. முதல் உலகப் போரில் விமானத்தில் ஏறிய துப்பாக்கிகளுக்கு உயரத்தில் ஈரம் உறையும், எண்ணெய் கெட்டியாகும். கைப்பிடியைத் தட்டிவிடச் சுத்தியல் எடுத்துப்போன விமானிகள் உண்டு. பிரிடோ என்பவரின் உலோகக் கண்ணிகள் வந்த பிறகுதான் துணி பெல்ட் விமானத்தை விட்டு இறங்கியது. அந்தக் கண்ணிகளை ஒன்றோடொன்று கோக்கும் ஆணி தோட்டாவேதான். தோட்டா வெளியேறினால் கண்ணி தானாகக் கழன்று விழும்.

ஜூன் 15

சூடு. இதைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் கூட்டையும் மருந்தையும் திருத்தலாம், சூட்டைத் திருத்த முடியாது. எங்காவது அனுப்பித்தான் ஆக வேண்டும்.

விக்கர்ஸின் குழலைச் சுற்றிய உறையில் சுமார் 4 லிட்டர் தண்ணீர். நிமிடத்துக்கு 200 வீதம் சுட்டால் 600 தோட்டாவில், அதாவது மூன்று நிமிடத்தில், கொதிக்கத் தொடங்கும். சாதாரண வெப்பநிலையிலிருந்து 4 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,300 கிலோஜூல் வேண்டும். வகுத்தால் ஒரு தோட்டா குழலுக்குக் கொடுப்பது 2.2 கிலோஜூல் அளவு. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் தேவை என்பதால், கொதிக்கத் தொடங்கிய பிறகு ஆயிரம் தோட்டாவுக்கு ஒரு லிட்டர் போக வேண்டும். விக்கர்ஸ் கையேட்டு அளவு ஆயிரத்துக்கு ஒன்றரை பைன்ட், அதாவது 0.85 லிட்டர். தாளில் போட்ட கணக்கு இவ்வளவு கிட்ட வந்து நின்றபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இப்போது தண்ணீரை எடுத்துவிடுங்கள். 2 கிலோ எஃகுக் குழல் என்று வைத்துக்கொள்வோம். 250 தோட்டா கொண்ட ஒரு பெல்ட் நிற்காமல் போனால், காற்றுக்குப் போகும் சூட்டைக் கழிக்காமல் பார்த்தால், 500 டிகிரிக்கு மேல் ஏறும். தண்ணீர் இருக்கும்வரை குழலின் வெளிப்புறம் நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். அதுதான் அந்த அசிங்கமான தகர உறையின் மகிமை.

கேட்லிங் இதற்குக் கண்ட வழி வேறு: பத்து குழல் இருந்தால் நிமிடத்துக்கு 400 சுட்டாலும் ஒரு குழலுக்கு 40-தான். அதே காலத்து ஏகர் துப்பாக்கி ஒற்றைக் குழல், விசிறி வைத்துக் காற்று ஊதியும் நிமிடத்துக்கு 120-க்கு மேல் போக வேண்டாம் என்றார்கள்.

ஜூன் 15, பிற்சேர்க்கை

தண்ணீருக்கும் தொல்லை உண்டு. நீராவி மேலே எழுந்தால் எதிரிக்கு இடம் தெரியும், அதனால் குழாய் வைத்து ஒரு டப்பாவுக்குள் விட்டுக் குளிரவைத்து அதே தண்ணீரை மறுபடி ஊற்றினார்கள். குளிர்காலத்தில் உறைந்துபோகாமல் இருக்க கிளிசரின் கலந்தார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் தங்கள் மாக்ஸிமில் பனிக்கட்டியை அள்ளிப் போடும் அளவுக்குப் பெரிய மூடி வைத்தார்கள், அதைப் பார்த்து சோவியத் மாக்ஸிமுக்கும் அதே மூடி வந்தது.

ஜூன் 16

பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: குழலிலிருந்து கொஞ்சம் வாயுவைத் திருப்பி பிஸ்டனைத் தள்ளும் முறை, தண்ணீர் கிடையாது, கனத்த குழலில் தடித்த வளையங்கள். 1914 மாடல் நல்ல உழைப்பாளி. ஆனால் தோட்டா வந்தது 24 கொண்ட உலோகப் பட்டையில், உதவியாள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஷோஷா என்ற பிரெஞ்சு இலகு மெஷின்கன்னைப் பற்றிப் பேசினால் மனம் கசக்கிறது. பக்கம் திறந்த மேகசினை அகழிச் சேற்றுக்குள் அனுப்பியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மிட்ரயூஸ் என்ற பழைய பிரெஞ்சுப் பல குழல் துப்பாக்கி தோற்றதற்குக் காரணம் தோட்டா சிக்கியது அல்ல, தம்பி. 25 குழல், 25 தோட்டா வைத்த தட்டு, ஒழுங்காகவே சுட்டது. பக்கவாட்டில் திருப்ப வசதி குறைவு. ஜெர்மானியரோடு நடந்த 1870 போரில் அதைப் பீரங்கி மாதிரி தூரத்தில் நிறுத்தினார்கள். ரகசியம் காக்கிறோம் என்று இயக்குபவர்களுக்கே சரியாகப் பயிற்சி தரவில்லை.

ஜூன் 19

கடைசியாக, முதல் உலகப் போரில் பிரான்சின் சோம் களத்தில் இருந்த ஹை வுட் என்ற காட்டின் கதை. 1916 ஆகஸ்ட் 24 அன்று பத்து விக்கர்ஸ் பன்னிரண்டு மணி நேரத்தில் பத்து லட்சம் தோட்டா சுட்டதாக எல்லா இடத்திலும் வருகிறது. ஹட்சிசன் என்ற அதிகாரி பிற்காலத்தில் எழுதியதன் வழியாக வந்த கதை அது. வரலாற்றாளர்கள் அதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். நான் இயந்திரப் பக்கத்தை மட்டும் சோதித்தேன். ஒரு துப்பாக்கிக்கு ஒரு லட்சம், நிமிடத்துக்குச் சுமார் 139. துப்பாக்கியால் தாராளமாக முடியும். பத்தாயிரத்துக்கு ஒரு குழல் வீதம் நூறு குழல் தேய்ந்திருக்கும். தண்ணீர் 850 லிட்டர்.

எனக்கு இடிப்பது துப்பாக்கி இல்லை. 250 வீதம் 4,000 பெல்ட். அத்தனையையும் நிரப்பியாக வேண்டும், பெட்டிகளைச் சுமந்து வந்தாக வேண்டும், தண்ணீரும் அதே வழியில் வர வேண்டும். கதை உண்மையா என்று தேடுபவர்கள் சுட்டவர்களின் குறிப்பை விட்டுவிட்டு, அன்று எத்தனை பெட்டி முன்னால் போனது என்ற கிடங்குக் கணக்கைத் தேடட்டும்.